பெரிய நம்பரோட குணங்களைக் கண்டுபிடிச்சு எழுதுறது எப்படி: முதல் தடவை பண்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்கூல்ல கணக்கு ப்ராஜெக்ட்டுக்கு "பத்து இலக்கத்துக்கு மேல ஒரு முழு எண் எடுத்துக்கோ, அதோட பண்புகளை எல்லாம் கண்டுபிடிச்சு எழுதிட்டு வா"ன்னு சொல்லி அனுப்பிடுறாங்க. எங்க வீட்லயும் பொண்ணு அப்படித்தான் வந்து நின்னா. புத்தகத்துல இருக்குறது எல்லாம் 36, 144, 1260 மாதிரி சின்ன நம்பர், அதுக்கு சொன்ன வழியையே பன்னெண்டு இலக்கத்துக்குப் போட்டா ராத்திரி பூரா வகுத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான், எங்க நிறுத்தணும்னு கூட தெரியாது. நாங்க ரொம்ப அலைஞ்சு திரிஞ்சு கத்துக்கிட்டது என்னன்னா இதுக்கு ஒரு வரிசை இருக்கு, அந்த வரிசைல போனா பேப்பர் பேனாலயே ரெண்டு சாயங்காலத்துல முடிஞ்சிடும்.

வரிசையோட சாரம் இவ்வளவுதான். முதல்ல பகாக் காரணிகளைப் பிடிங்க. அது கைக்கு வந்துட்டா வகுத்திகள் எத்தனை, அதோட கூட்டுத்தொகை என்ன, முழு வர்க்கமா இல்லையா, எல்லாமே அதுலேர்ந்து பெருக்கல் கணக்கா வந்து விழும். காரணி தெரியாம மத்ததைத் தொட்டீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் முதல்லேர்ந்து கஷ்டப்படணும்.

1. கையில என்னென்ன வேணும், எவ்வளவு செலவு

கோடு போட்ட நோட்டு ஒண்ணு, பால்பாயிண்ட் பேனா (இங்க்பேனா வேணாம், நம்ம குன்னூர் மாதிரி மலை ஊர் ஈரத்துல பேப்பர் நமத்துப் போய் மை பரவிடும்), 100 வரைக்கும் உள்ள 25 பகா எண்களோட பட்டியல், சாதாரண கால்குலேட்டர். நோட்டும் பேனாவும் நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். கால்குலேட்டர் புதுசா வாங்குறதா இருந்தா 12 இலக்கம் காட்டுறதா பாத்து வாங்குங்க, கடைக்காரங்க கணக்குப் பாக்க வச்சிருப்பாங்களே அந்த மாதிரி பெரிய பட்டன் கால்குலேட்டர் போதும். சயின்டிஃபிக் கால்குலேட்டர்னா விலை கூட, இந்த வேலைக்கு அது தேவையே இல்ல, சில இடத்துல அதுதான் ஏமாத்தும், எங்கன்னு கீழ சொல்றேன்.

பகா எண் பட்டியலை பிள்ளைங்க கையாலயே எழுத வைங்க: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97. எழுதி முடிச்சு எண்ணிப் பாருங்க, 25 இருக்கணும். 51, 57, 87, 91 இந்த நாலும் பகா எண் மாதிரியே தோணும், உள்ள விட்டுடாதீங்க. 91ங்கிறது 7 தடவை 13.

நெட் கடைசில சரிபார்க்க மட்டும்தான் வேணும். ஐப்பசி, கார்த்திகை மழைல மரம் விழுந்து கரண்ட்டும் போகும் சிக்னலும் போகும்னு இங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும், அதனால ஆப்பை நம்பி கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

2. நம்பரைத் தேர்ந்தெடுக்குறது

இங்கதான் பாதி பேர் மாட்டிக்கிறாங்க. பிள்ளைங்க முதல்ல எடுக்குறது வீட்டு மொபைல் நம்பர், இல்லன்னா ஆதார் நம்பர். ரெண்டுமே வேணாம். ப்ராஜெக்ட்டை க்ளாஸ் சுவத்துல ஒட்டுவாங்க, யாராவது போட்டோ எடுப்பாங்க, ஆதார் நம்பர் அப்படி ஊரெல்லாம் சுத்தக் கூடாது.

அடுத்த தப்பு, கண்ணை மூடிக்கிட்டு எழுபது எண்பது இலக்கம் எழுதிட்டு வர்றது. பெருசா இருந்தா மார்க் கூட வரும்னு நினைப்பு. ரெண்டு பெரிய பகா எண்ணைப் பெருக்கி வந்த நம்பரைத் திரும்பப் பிரிக்கிறது உலகத்துலயே கஷ்டமான வேலைகள்ல ஒண்ணு. ஆர்எஸ்ஏ-250னு ஒரு 250 இலக்க எண் இருக்கு, அதை 2020 பிப்ரவரில பிரிச்சாங்க, அதுக்கு ஆன கம்ப்யூட்டர் உழைப்பு ஒரே ஒரு ப்ராசஸர் கோர் மட்டும் வேலை செஞ்சிருந்தா சுமார் 2700 வருஷம். நமக்கு 11, 12 இலக்கம் தாராளம்.

நாங்க எடுத்தது ஊர் பின்கோடு. குன்னூருக்கு 643101, அதை ரெண்டு தடவை பக்கத்துல பக்கத்துல எழுதினா 643101643101. பன்னெண்டு இலக்கம். வாய்விட்டுப் படிச்சா 64,310 கோடியே 16 லட்சத்து 43 ஆயிரத்து 101. ஊட்டிக்காரங்க 643001 எடுக்கலாம், கோத்தகிரி 643217, கொடைக்கானல்னா 624101. ஊரோட நம்பர்ங்கிறதால பிள்ளைங்களுக்கும் ஒரு பிடிப்பு வருது, யாரோட ரகசியமும் வெளிய போகாது. இனி வர்ற கணக்கு எல்லாம் குன்னூர் நம்பரை வச்சு.

3. வகுக்குறதுக்கு முன்னாடி நம்பரையே உத்துப் பாருங்க

இந்தப் படியை விட்டுட்டுப் போறவங்கதான் ரொம்பக் கஷ்டப்படுறாங்க. ஒரு கால் மணி நேரம் சும்மா பாருங்க, போதும்.

கமா போடாம எழுதுங்க. நம்ம வழக்கப்படி கமா போட்டா 6,43,10,16,43,101னு வரும், ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்திருக்குன்னு கண்ணுக்கே தெரியாது. மூணு மூணு இலக்கமா பிரிச்சா 643 101 643 101, உடனே தெரிஞ்சிடும். எந்த நம்பர் எடுத்தாலும் ரெண்டு மாதிரியும் பிரிச்சுப் பாக்குறது நல்லது.

ரெண்டு தடவை வந்தா என்ன லாபம்? 643101643101ங்கிறது 643101 பத்து லட்சம் தடவை, அதோட இன்னொரு தடவை 643101. அதாவது 643101 × 1000001. அந்த 1000001 எப்பவுமே 101 × 9901. ஆக நீங்க எந்த ஆறு இலக்க பின்கோடு எடுத்து ரெண்டு தடவை எழுதினாலும் 101ம் 9901ம் காரணியா வந்தே தீரும், ஒரு வகுத்தல் கூட போடாம ரெண்டு காரணி கையில.

வேற நீளத்துக்கும் இது இருக்கு. மூணு இலக்கத்தை ரெண்டு தடவை எழுதினா 1001, அது 7 × 11 × 13. நாலு இலக்கம்னா 10001, அது 73 × 137. அஞ்சு இலக்கம்னா 100001, அது 11 × 9091. இதைத் தனிப் பக்கத்துல எழுதி வச்சுக்கோங்க.

அப்புறம் லேசான சோதனைகள். கடைசி இலக்கம் 1, அதனால 2, 5 ரெண்டும் போகாது. இலக்கங்களைக் கூட்டுங்க: 6+4+3+1+0+1 சேர்ந்தா 15, ரெண்டு தடவைக்கு 30. 30 மூணால போகும், ஒன்பதால போகாது. அப்போ நம்பர் 3ஆல வகுபடும், 9ஆல வகுபடாது. இந்த ஒரு வரியை பத்திரமா வச்சுக்கோங்க, பின்னாடி இன்னொரு விடையும் இதுலேர்ந்து வருது.

7, 11, 13 மூணையும் ஒரே வீச்சுல பாக்க வழி: மூணு மூணா பிரிச்சதை வலதுலேர்ந்து கூட்டி கழிச்சு கூட்டி கழிச்சுப் போங்க. 101 − 643 + 101 − 643 = −1084. 1084ஐ ஏழால வகுத்தா மீதி 6, பதினொண்ணால வகுத்தா மீதி 6, பதிமூணால வகுத்தா மீதி 5. மூணுமே போகல, அப்போ நம்ம நம்பரும் இந்த மூணால போகாது.

4. எவ்வளவு தூரம் வகுக்கணும்னு முதல்லயே எல்லை போட்டுக்கோங்க

ஒரு நம்பர் பகு எண்ணா இருந்தா அதோட வர்க்கமூலத்துக்கு மேல போகாத ஒரு பகாக் காரணி கட்டாயம் இருக்கும். அதனால வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால மட்டும் வகுத்தா போதும்.

643101643101க்கு வர்க்கமூலம் சுமார் 801936. அது வரைக்கும் உள்ள பகா எண்கள் கிட்டத்தட்ட அறுபத்தி நாலாயிரம். கையால முடியுற காரியமா அது? ஆனா மூணாவது படில 101 × 9901ஐ பிரிச்சு வச்சுட்டோம், மிச்சம் 643101 மட்டும்தான். அதையும் 3ஆல வகுத்தா 214367. இப்போ எல்லை என்ன? 463க்கு வர்க்கம் 214369, நம்ம நம்பரை விட ரெண்டே ரெண்டு கூட. அதனால 463 வேணாம், 461 வரைக்கும் போதும். அறுபத்தி நாலாயிரத்துலேர்ந்து 89 பகா எண்ணுக்கு வந்தாச்சு, அதுலயும் பாதி கூட போக வேண்டியிருக்காது.

காரணி ஒண்ணு கிடைச்ச உடனே எல்லையைத் திரும்பக் கணக்குப் போடுங்க, இதை மறந்துட்டு பழைய எல்லை வரைக்கும் வகுத்துக்கிட்டே போறவங்க ரொம்பப் பேர்.

5. வகுத்துப் பாருங்க, மீதியை எழுதுங்க

214367ஐ வரிசையா வகுங்க. ஒவ்வொரு தடவையும் மீதி எவ்வளவுன்னு எழுதியே ஆகணும், "போகல"ன்னு மட்டும் எழுதினா டீச்சர் கேக்கும்போது காட்ட ஒண்ணும் இருக்காது.

3க்கு இலக்கக் கூட்டல் 23, போகாது. 7க்கு மீதி 6. 11க்கு 10. 13க்கு 10. 17க்கு 14. 19க்கு 9. 23க்கு 7. 29க்கு 28. 31க்கு 2. 37க்கு 26. 41க்கு 19. 43க்கு 12. 47க்கு மீதி பூஜ்யம்! 47 × 4500 = 211500, மிச்சம் 2867, அது 47 × 61. ஆக 214367 = 47 × 4561.

இப்போ எல்லையை மாத்துங்க. 4561க்கு வர்க்கமூலம் 67ஐத் தாண்டி கொஞ்சம். 47க்குக் கீழ உள்ளதை எல்லாம் ஏற்கனவே 214367ல போட்டுப் பாத்தாச்சு, அதுல போகாதது 4561லயும் போகாது. ஆக பாக்கி அஞ்சே அஞ்சு: 47 (திரும்ப ஒரு தடவை), 53, 59, 61, 67. மீதி முறையே 2, 3, 18, 47, 5. எதுவும் போகல. 4561 பகா எண்.

9901க்கும் இதே மாதிரி, வர்க்கமூலம் 99ஐத் தாண்டி, அதனால பட்டியல்ல உள்ள 25ஐயும் போட்டுப் பாத்தா போதும், ஒண்ணும் போகாது. கடைசில 97க்கு மீதி 7 வரும். 101க்கு 2, 3, 5, 7 நாலு போதும்.

முடிவு: 643101643101 = 3 × 47 × 101 × 4561 × 9901. அஞ்சு பகாக் காரணி, எல்லாம் ஒவ்வொரு தடவைதான்.

இந்தப் படில ரெண்டு பொறி இருக்கு, கவனம்.

ஒண்ணு, சயின்டிஃபிக் கால்குலேட்டர்ல பெரிய நம்பரை முழுசாப் போட்டு வகுக்குறது. 643101643101ஐ 7ஆல வகுத்தா உண்மையான விடை 91871663300, மீதி 1. பத்து இலக்கம் காட்டுற கால்குலேட்டர் 9.18716633 × பத்தின் அடுக்கு 10னு காட்டும், தசமம் எல்லாம் வெளிய விழுந்துடும், பாக்குறதுக்கு மீதியே இல்லாம வகுபட்ட மாதிரி இருக்கும். 7 காரணின்னு எழுதிட்டா அதுக்கப்புறம் போடுற எல்லாமே தப்பு. அதனால ஈவை வகுத்தியால திரும்பப் பெருக்குங்க, கழிங்க, மீதியைக் கண்ணால பாருங்க.

இன்னொண்ணு, கிட்டத்தட்ட போகுற நம்பர். கொடைக்கானல் 624101ஐ 79ஆல வகுத்தா கால்குலேட்டர்ல 7900.0126னு வரும். 79 × 7900 = 624100, ஒண்ணே ஒண்ணு மிச்சம். அந்த .01ஐ விட்டுட்டு 7900னு எழுதிடத் தோணும். எழுதாதீங்க, மீதி ஒண்ணா இருந்தாலும் அது காரணி கிடையாது.

6. காரணியிலேர்ந்து பண்புகளை எடுக்குறது

இதுதான் சுகமான பகுதி, பிள்ளைங்களை விட்டுட்டு நீங்க தள்ளி உக்காந்துக்கலாம்.

வகுத்திகள் எத்தனை: ஒவ்வொரு பகாக் காரணியையும் எடுக்கலாம் எடுக்காமலும் விடலாம், ரெண்டு வழி. அஞ்சு காரணிக்கு 2 × 2 × 2 × 2 × 2 = 32. எழுதுற விதம்: 1ல ஆரம்பிங்க. 3ஆல பெருக்கினதைச் சேருங்க: 1, 3. எல்லாத்தையும் 47ஆல பெருக்கிச் சேருங்க: 1, 3, 47, 141. அப்புறம் 101ஆல: 101, 303, 4747, 14241. எட்டு ஆச்சு. 4561ஆல பெருக்கினா 16, 9901ஆல பெருக்கினா 32. இப்படிப் போனா ஒண்ணும் விடுபடாது, மனசுக்குத் தோணுற வரிசைல எழுதினா கண்டிப்பா ரெண்டு மூணு விட்டுப் போகும்.

வகுத்திகளோட கூட்டுத்தொகை: காரணி தனித்தனியா ஒரே தடவை வந்திருக்குறதால ஒவ்வொண்ணோடயும் ஒண்ணு கூட்டி பெருக்குங்க. 4 × 48 × 102 × 4562 × 9902 = 884666543616. பாதில நின்னு சரிபார்க்கலாம்: மேல எழுதின எட்டு வகுத்தியையும் கூட்டினா 19584 வரும், 4 × 48 × 102ம் 19584. ஒரே காரணி ரெண்டு தடவை வர்ற நம்பரா இருந்தா இந்தச் சூத்திரம் இப்படியே செல்லாது, உதாரணமா 49க்கு 1 + 7 + 49 = 57னு போடணும், 8 × 8 போடக் கூடாது.

நிறைவு எண்ணா (தன்னைத் தவிர மத்த வகுத்திகளைக் கூட்டினா அதே எண் வந்தா நிறைவு எண், கம்மியா வந்தா குறைவு எண்): மொத்தக் கூட்டுத்தொகைலேர்ந்து அந்த எண்ணையே கழிச்சா 241564900515. இது நம்ம எண்ணை விடக் கம்மி, அதனால குறைவு எண். கூட ஒரு வரி சேர்த்துக்கலாம்: ஒற்றைப்படைல நிறைவு எண் இது வரைக்கும் ஒண்ணு கூட கிடைக்கல, இருந்தாலும் பத்தின் 1500ஆவது அடுக்குக்கு மேலதான் இருக்கணும்னு 2012ல நிரூபிச்சிருக்காங்க. இந்த வரிக்கு எங்க பொண்ணு ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டுக்கிட்டு இருந்தா, நானும்தான்.

முழு வர்க்கமா: கடைசி இலக்கம் 1ங்கிறதால இருக்கலாமோன்னு தோணும். மூணாவது படில பாத்தோமே, 3ஆல போகுது 9ஆல போகல. அது ஒண்ணே போதும், முழு வர்க்கம் இல்ல. வர்க்கமூலம் போட வேண்டியதே இல்ல.

சார்பகா எண்கள்: 1லேர்ந்து நம்ம எண் வரைக்கும், அதோட 1ஐத் தவிர பொதுக் காரணி எதுவும் இல்லாத எண்கள் எத்தனை? காரணி ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கழிச்சுப் பெருக்குங்க: 2 × 46 × 100 × 4560 × 9900 = 415324800000. அதாவது 41,532 கோடியே 48 லட்சம், நூத்துக்கு 64, 65 பங்கு. இதுக்கு ஆய்லர் சார்புன்னு பேரு, எட்டாவது ஒன்பதாவது பிள்ளைங்க எழுதினா டீச்சருக்கே சந்தோஷமா இருக்கும்.

ரெண்டு வர்க்கங்களோட கூட்டலா எழுத முடியுமா: இதுல ஒரு பெரிய பொறி. நம்ம எண்ணை 4ஆல வகுத்தா மீதி 1. "4ஆல வகுத்தா மீதி 1 வந்தா ரெண்டு வர்க்கத்தோட கூட்டல்"னு நிறைய இடத்துல எழுதியிருக்கும், அதைப் பாத்துட்டு முடியும்னு எழுதிடுவாங்க. அந்த விதி பகா எண்ணுக்கு மட்டும்தான். பகு எண்ணுக்கு காரணியைப் பாக்கணும்: மீதி 3 தர்ற பகாக் காரணி எதுவும் ஒற்றைப்படைத் தடவை வரக் கூடாது. நமக்கு 3ம் 47ம் மீதி 3 தருது, ரெண்டும் ஒரு தடவை வருது. அதனால முடியாது. ஆனா மத்த மூணு காரணியும் தனித்தனியா முடியும்: 101 = 10² + 1², 4561 = 60² + 31², 9901 = 99² + 10². இந்த மூணு வரியையும் ப்ராஜெக்ட்ல சேருங்க, பாக்கவே அழகா இருக்கும்.

7. சரிபார்க்குறது

அஞ்சு காரணியையும் திரும்பப் பெருக்குங்க. கையால பெருக்கினா தப்பு வர வாய்ப்பு இருக்கு, அதனால கூடவே ரெண்டு சின்ன சோதனை.

ஒன்பது சோதனை: ஒவ்வொரு காரணிக்கும் இலக்கங்களை ஒத்தை இலக்கம் வர்ற வரைக்கும் கூட்டுங்க. 3, 47க்கு 2, 101க்கு 2, 4561க்கு 7, 9901க்கு 1. பெருக்கினா 84, அதோட இலக்கக் கூட்டல் 12, அப்புறம் 3. நம்ம எண்ணுக்கு 30, அதுவும் 3. ஒத்துப் போகுது.

ஆனா இது மட்டும் போதாது. ரெண்டு இலக்கம் இடம் மாறிப் போயிருந்தா, 4561க்குப் பதிலா 4651னு எழுதியிருந்தா, ஒன்பது சோதனை கண்டுபிடிக்காது. அதுக்குத்தான் பதினொண்ணு சோதனை, வலதுலேர்ந்து ஒரு இலக்கம் கூட்டி ஒண்ணு கழிச்சு. 3, 47க்கு 3, 101க்கு 2, 4561க்கு −4, அதாவது 7, 9901க்கு 1. பெருக்கினா 126, பதினொண்ணால வகுத்தா மீதி 5. நம்ம எண்ணுக்கு −6 வரும், பதினொண்ணு கூட்டினா 5. சரியா வருது. பக்கத்து பக்கத்து இலக்கம் மாறியிருந்தா இதுல மாட்டிக்கும்.

8. கடைசில மெஷின்ல ஒரு தடவை

பேப்பர்ல முடிச்ச பிறகு மட்டும். பாரி ஜிபின்னு (PARI/GP) ஒரு மென்பொருள் இருக்கு, இலவசம், காரணி, வகுத்தி எண்ணிக்கை, கூட்டுத்தொகை, ஆய்லர் சார்பு எல்லாத்துக்கும் தனித்தனி கமாண்ட் உண்டு, பன்னெண்டு இலக்கத்துக்குக் கண் சிமிட்டுற நேரம் கூட ஆகாது. லினக்ஸ் இருந்தா டெர்மினல்ல ஃபேக்டர்னு (factor) டைப் அடிச்சு பக்கத்துல நம்பரைப் போட்டாலே காரணி வந்துடும். இது எதுவும் இல்லன்னா வுல்ஃப்ரம் ஆல்ஃபால நம்பரை மட்டும் போட்டாலும் காரணியை பிரிச்சுக் காட்டும். எதுக்கும் காசு கிடையாது.

எக்செல் பத்தி ஒரு எச்சரிக்கை. பன்னெண்டு இலக்கத்தை சும்மா டைப் பண்ணினா 6.43102ன்னு சுருக்கி அடுக்குல காட்டும், செல் ஃபார்மேட்டை நம்பர்னு மாத்துங்க. 15 இலக்கத்துக்கு மேல போனா மிச்ச இலக்கத்தை எல்லாம் பூஜ்யமாக்கிடும், சொல்லாம கொள்ளாம. பதினாறு இலக்க நம்பர் எடுத்தவங்க எக்செல் பக்கமே போகாதீங்க.

சில சயின்டிஃபிக் கால்குலேட்டர்ல ஃபேக்ட்னு ஒரு பட்டன் இருக்கும், பத்து இலக்கம் வரைக்கும் காரணி பிரிக்கும். நம்ம பன்னெண்டு இலக்கம் அதுல ஏறாது. சரின்னு 3ஐயும் 47ஐயும் கையால வகுத்துட்டு மிச்சம் 4561004561ஐப் போட்டா 101ம், அடைப்புக்குறிக்குள்ள 45158461ம் வரும். அந்த அடைப்புக்குறிக்கு அர்த்தம் "இதுக்கு மேல என்னால பிரிக்க முடியல"ங்கிறதுதான், பகா எண்ணுன்னு அர்த்தம் இல்ல. 45158461 = 4561 × 9901. இதை வகுத்து வகுத்துக் கண்டுபிடிக்கணும்னா அறுநூறு பகா எண் பக்கம் போட்டுப் பாக்கணும், 1000001ஐ முதல்லயே பாத்ததால நமக்கு அந்தப் பாடு இல்ல.

9. எழுதுறதும் நேரமும்

முதல் சாயங்காலம் நம்பர் தேர்வு, உத்துப் பாக்குறது, வகுத்தல். ரெண்டாவது சாயங்காலம் பண்புகளும் சரிபார்ப்பும். சார்ட்ல எழுத ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம். இதுக்கு மேல ஒரு வாரம் கையிருப்பு வச்சுக்கோங்க, மழைன்னு லீவு விட்டா கொடுக்குற தேதியும் மாறும், திடீர்னு ஸ்கூல் திறந்த அன்னிக்கே கேப்பாங்க.

சார்ட்டை சுருட்டி பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க, சுவத்துல சாய்ச்சு வச்சா ஓரம் எல்லாம் ஈரம் ஏறி வளைஞ்சிடும். பஸ்ல போற பிள்ளைங்கன்னா சார்ட்டுக்குப் பதிலா ஏ4 தாள்ல எழுதி ஸ்பைரல் போட்டுக் கொடுக்கலாமான்னு டீச்சர்கிட்ட கேட்டுக்கோங்க, ஜெராக்ஸ் கடைல அம்பது ரூபாய்க்குள்ள முடியும்.

கொடுக்கும்போது மூணு தாள் இருக்கணும்: விடைகள் எழுதின தாள், மீதிகளோட வகுத்தல் எழுதின வேலைத்தாள், ஒன்பது பதினொண்ணு சோதனை உள்ள தாள். வேலைத்தாள் இல்லாமப் போனா ஆப்ல பாத்து எழுதினதுன்னு திருப்பி அனுப்ப வாய்ப்பிருக்கு. அதைச் சுத்தமா எழுதணும்னு அவசியம் இல்ல, அடிச்சுத் திருத்தினதோடயே கொடுங்க.

டீச்சர் வாய்மொழியா கேக்குற கேள்வி பெரும்பாலும் ரெண்டு: "ஏன் 67ஓட நிறுத்தின?", "101 எப்படி முதல்லயே தெரிஞ்சுது?" முதல் கேள்விக்கு நாலாவது படி, ரெண்டாவதுக்கு மூணாவது படி. இந்த ரெண்டையும் பிள்ளைங்க சொந்த வார்த்தைல சொல்லுதான்னு முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை கேட்டுப் பாருங்க.